மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர்

மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர் (டிசம்பர் 3, 1818 – பெப்ரவரி 10, 1901) செருமனியின் பவேரியாவைச் சேர்ந்த வேதியியலாளரும் மருத்துவரும் ஆவார். சுகாதாரவியலைப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்படும் ஒரு தனித்துறையாக ஆக்கியவர்களுள் இவர் முதன்மையானவர். மூடிய அறைக்குள் இருக்கும் காற்று மனிதர் தங்குவதற்கு ஏற்றதா என்பதை அளந்து கூற முடியும் என்று காட்டியதே இவருடைய நிலைத்த பங்களிப்புகளுள் ஒன்றாகும். அறைக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு (கரியமில வாயு) ஆயிரத்தில் ஒரு பங்கை, அதாவது பத்து இலட்சத்தில் 1000 பங்கை, மிஞ்சக் கூடாது என்று இவர் 1858 இல் வெளியிட்ட வரம்பு, குளிரூட்டப்பட்ட வகுப்பறைகள், அலுவலகங்கள், படுக்கையறைகள் ஆகியவற்றின் காற்றோட்டத்தைச் சோதிப்பதற்கு இன்றும் எடுத்தாளப்படுகிறது. செருமன் மொழியில் இவ்வரம்பு பெட்டன்கோஃபர் எண் என்றே அழைக்கப்படுகிறது.

காற்றைப் பற்றிய ஆய்வில் முன்னோடியாக விளங்கிய பெட்டன்கோஃபர், வாந்திபேதி (காலரா) நோய் பரவும் முறையைப் பற்றிக் கொண்டிருந்த கருத்தில் பெரும் தவறு செய்தார். இவ்விரண்டும் இவருடைய வாழ்வில் பின்னிப் பிணைந்தவை.

இளமையும் கல்வியும்

பெட்டன்கோஃபர் பவேரியாவில் தன்யூப் ஆற்றங்கரையிலுள்ள நொய்பர்க் நகருக்கு அருகே லிக்டன்ஹைம் என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பம் ஒன்றில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளுள் இவர் ஐந்தாமவர். மியூனிக்கில் அரண்மனை மருந்தாளராக இருந்த சிற்றப்பா பிரான்ஸ் சேவர் பெட்டன்கோஃபர் இவரைத் தம்முடன் வைத்துப் படிக்க வைத்தார். இடையில் சிற்றப்பாவுடன் ஏற்பட்ட மனத்தாங்கலால் வீட்டை விட்டு வெளியேறி, ஆக்ஸ்பர்க் நகர நாடக அரங்கில் சிறிது காலம் வேறு பெயரில் நடித்தார். பின்னர் மியூனிக் திரும்பி மருந்தியலும் மருத்துவமும் கற்று 1843 இல் பட்டம் பெற்றார். 1845 இல் தம் உறவினரான எலேனாவை மணந்தார்.

மருத்துவத் தொழிலைக் காட்டிலும் வேதியியலில் இவருக்கு நாட்டம் மிகுந்திருந்தது. கீசன் நகரில் யுஸ்டஸ் வான் லீபிக்கின் புகழ்பெற்ற ஆய்வுக்கூடத்தில் பயிற்சி பெற்றார். பித்த அமிலங்களைக் கண்டறிவதற்கு இவர் 1844 இல் வெளியிட்ட சோதனை இவருடைய பெயராலேயே வழங்கப்பட்டது. பின்னர் மியூனிக் நாணயச் சாலையில் பணியேற்றார். 1847 இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் மருத்துவ வேதியியல் பேராசிரியரானார். 1850 இல் சிற்றப்பா மறைந்தபின் அரண்மனை மருந்தகத்தின் பொறுப்பும் இவரிடம் வந்தது.

அதே 1850 இல், ஒத்த இயல்புடைய தனிமங்களின் எடைகளுக்கிடையே ஓர் ஒழுங்கு இருப்பதாக ஒரு கட்டுரை எழுதினார். மெண்டலீவின் தனிம அட்டவணைக்கு முன்னோடியான முயற்சிகளுள் இது ஒன்றாகக் கருதப்படுகிறது. இதற்காகச் செருமன் வேதியியல் கழகம் 1899 இல் இவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. விறகிலிருந்து விளக்கு எரிக்கும் வாயுவைப் பெறுதல், மங்கிய எண்ணெய் ஓவியங்களைச் சாராய ஆவியால் தெளிவாக்குதல் போன்ற செயல்முறைகளையும் இவர் உருவாக்கினார்.

காற்று ஆய்வின் தொடக்கம்

பெட்டன்கோஃபரைக் காற்றின் பக்கம் திருப்பியது பவேரிய அரசர் இரண்டாம் மாக்சிமிலியனின் அரண்மனையில் எழுந்த ஒரு குறையாகும். அங்கு அமைக்கப்பட்டிருந்த வெப்பக்காற்று முறை அறைக் காற்றை மிகவும் உலர்த்துகிறது என்று கூறப்பட்டது. அறைக்குள்ளேயே அடுப்பு வைத்துச் சூடேற்றும் பழைய முறைக்கும், வேறிடத்தில் காற்றைச் சூடாக்கிக் குழாய் வழியே அறைக்குள் விடும் புதிய முறைக்கும் உள்ள வேறுபாட்டை இவர் ஆராய்ந்து 1851 இல் முடிவுகளை வெளியிட்டார். வெப்பக்காற்று முறையில் அறை வழியே செல்லும் காற்றின் அளவு மிகுதி. குளிர்காலத்து வெளிக்காற்றில் ஈரம் குறைவு. எனவே அறை உலர்கிறது என்பது இவருடைய விளக்கம். வெப்பத்தைப் பற்றிய வினாவாகத் தொடங்கியது, ஓர் அறைக்குள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு காற்று வந்து போகிறது என்னும் வினாவாக மாறிற்று.

இவ்வினாவுக்கு அக்காலத்தில் நம்பத்தக்க விடை இல்லை. காற்று கண்ணுக்குத் தெரிவதில்லை. மேலும், புழுக்கமான அறையில் இருப்பவரின் மூக்கு அந்த வாடைக்குச் சில நிமிடங்களில் பழகிவிடுகிறது. வெளியிலிருந்து புதிதாக உள்ளே வருபவரே அதை உணர்கிறார். ஆகவே, உள்ளே இருப்போரின் உணர்வை நம்பாமல் காற்றின் நிலையைக் கூறும் ஓர் அளவுகோல் தேவைப்பட்டது.

கார்பன் டை ஆக்சைடு என்னும் அளவுகோல்

மனிதர் வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு நூற்றுக்கு ஏறக்குறைய 4 பங்கு உள்ளது. வெளிக்காற்றிலோ அது மிகச் சிறிய அளவினது. ஆகையால், மக்கள் கூடியிருக்கும் அறையில் இவ்வாயு எவ்வளவு கூடியிருக்கிறது என்று கண்டால், அங்கிருப்போர் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் எந்த அளவுக்குத் திரும்ப உள்ளிழுக்கின்றனர் என்பதை அறியலாம்.

இதனை அளக்கப் பெட்டன்கோஃபர் எளியதொரு முறையை வகுத்தார். கொள்ளளவு தெரிந்த பெரிய கண்ணாடிக் குடுவையில் துருத்தி கொண்டு அறைக் காற்று நிரப்பப்படும். அதனுள் வலிமை தெரிந்த பேரியம் ஐதராக்சைடு கரைசலை ஊற்றிக் குலுக்கினால், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதனுடன் வினைபுரிந்து வெண்ணிற வீழ்படிவாகும். வினைபுரியாமல் எஞ்சிய பேரியம் ஐதராக்சைடு எவ்வளவு என்பதை ஆக்சாலிக் அமிலத்தால் தரம்பார்த்தால், காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைட்டின் அளவு கிடைத்துவிடும். இம்முறை பல பத்தாண்டுகள் உலகெங்கும் பள்ளிகளிலும் தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் பயன்பட்டது.

இம்முறையால் கிடைத்த முடிவுகளைக் குடியிருப்புக் கட்டடங்களில் காற்றுப் பரிமாற்றம் பற்றி 1858 இல் வெளியிட்ட நூலில் தொகுத்தார். மக்கள் நெடுநேரம் தங்கும் அறையின் காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டால் அக்காற்று நல்லதன்று என்பது அந்நூலின் முக்கிய முடிவாகும். அறைக்குள் நுழைபவருக்கு வாடை தெரியத் தொடங்கும் நிலையோடு இந்த அளவு பொருந்தி வந்தது. இந்த வரம்பைத் தாண்டாமலிருக்க ஒருவருக்கு மணிக்கு ஏறக்குறைய 60 கன மீட்டர் புதிய காற்று வேண்டும் என்றும் கணக்கிட்டார்.

இங்குக் கருத வேண்டியது ஒன்று உண்டு. ஆயிரத்தில் ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடு தானே நஞ்சாகிறது என்று பெட்டன்கோஃபர் கூறவில்லை. மனித உடலிலிருந்தும் மூச்சிலிருந்தும் வெளிப்படும் மற்றப் பொருள்களை அளக்க அப்போது வழியில்லை. அவற்றோடு சேர்ந்தே பெருகும் கார்பன் டை ஆக்சைட்டை அவற்றுக்கு ஓர் அடையாளமாக மட்டுமே இவர் கொண்டார். இந்த வேறுபாடு பிற்காலத்தில் பலமுறை மறக்கப்பட்டது.

சொந்த அறையில் செய்த சோதனை

சன்னலும் கதவும் மூடியிருந்தாலும் வீட்டுக்குள் காற்று வந்து போகிறது என்பதைப் பெட்டன்கோஃபர் தம் சொந்த அறையிலேயே அளந்து காட்டினார். அவ்வறையின் கொள்ளளவு 75 கன மீட்டர். அதில் கார்பன் டை ஆக்சைட்டைப் பெருக்கி, பின்னர் அது குறையும் வேகத்திலிருந்து காற்றுப் பரிமாற்றத்தைக் கணக்கிட்டார். கிடைத்த முடிவுகள் ஏறக்குறைய பின்வருமாறு:

- உள்ளும் புறமும் வெப்பநிலை வேறுபாடு ஏறக்குறைய 19 பாகை செல்சியசு, சன்னல் மூடியது: மணிக்கு 75 கன மீட்டர்
- அதே வேறுபாடு, அடுப்பில் தீ எரியும் நிலை: மணிக்கு 94 கன மீட்டர்
- அதே வேறுபாடு, இடுக்குகளும் துளைகளும் தாள் ஒட்டி அடைக்கப்பட்ட நிலை: மணிக்கு 54 கன மீட்டர்
- வேறுபாடு 4 பாகை மட்டும், சன்னல் மூடியது: மணிக்கு 22 கன மீட்டர்
- அதே 4 பாகை வேறுபாடு, சன்னலின் ஒரு பகுதி திறந்தது: மணிக்கு 42 கன மீட்டர்

இவற்றுள் கடைசி முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தக் கூடியது. உள்ளும் புறமும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலை நிலவும் நாளில் சன்னலைத் திறந்து வைத்தபோது கிடைத்த காற்று, கடுங்குளிர் நாளில் சன்னலை மூடி வைத்தபோது கிடைத்த காற்றைவிடக் குறைவாக இருந்தது. காரணம், காற்றை நகர்த்தும் விசை வெப்பநிலை வேறுபாட்டிலிருந்தும் வெளியில் வீசும் காற்றிலிருந்தும் வருகிறது என்பதே. திறப்பு மட்டும் இருந்தால் போதாது. காற்றைத் தள்ளும் விசையும் வேண்டும். தீ எரியும் அடுப்பு புகைபோக்கி வழியே அறைக் காற்றை இழுத்து வெளியேற்றி அவ்விசையைக் கூட்டுகிறது.

இடுக்குகளை அடைத்த பின்னும் 54 கன மீட்டர் காற்று வந்து போனதைக் கண்ட பெட்டன்கோஃபர், எஞ்சிய காற்று செங்கல் சுவர்களின் நுண்துளைகள் வழியே செல்வதாக முடிவு செய்தார். இதை விளக்கச் செங்கல்லின் பக்கங்களை மெழுகால் மூடி, எதிரெதிர் முகங்களில் குழாய் பொருத்தி, ஒரு பக்கம் ஊதி மறுபக்கத்தில் எரியும் மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். இந்தச் செயல்விளக்கம் மிகவும் புகழ்பெற்றது. சுவர்கள் மூச்சு விடுகின்றன என்ற எண்ணம் மக்களிடையே பரவியதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆனால், இந்த முடிவு பிழையானது. வாயால் ஊதும்போது உண்டாகும் அழுத்தம், வீட்டுச் சுவரின் இருபுறமும் இயல்பாக நிலவும் அழுத்த வேறுபாட்டைவிடப் பன்மடங்கு மிகுதி. பூசப்பட்ட சுவர் வழியே செல்லும் காற்று மிகச் சொற்பம் என்று 20 ஆம் நூற்றாண்டின் அளவீடுகள் காட்டின. அவருடைய அறையில் எஞ்சிய காற்று, கண்ணுக்குப் படாத தரை, கூரை இடுக்குகள் வழியே வந்திருக்க வேண்டும் என்று இன்று கொள்ளப்படுகிறது. மூடிய அறைக்குச் சுவரே காற்றுத் தரும் என்று நம்பியிருக்க முடியாது என்பது இதனால் பெறப்படும்.

சுவாச அறை

மனித உடல் உட்கொள்ளும் காற்றையும் வெளிவிடும் வாயுக்களையும் முழுமையாக அளப்பதற்காக, 1860களின் தொடக்கத்தில் பெட்டன்கோஃபர் மியூனிக்கில் ஒரு சுவாச அறையை அமைத்தார். அரசர் இரண்டாம் மாக்சிமிலியன் இதற்குப் பொருளுதவி செய்தார். ஒரு மனிதர் நாள் முழுதும் உள்ளே தங்கி உண்ணவும் உறங்கவும் வேலை செய்யவும் கூடிய சிறிய அறை அது. நீராவி இயந்திரத்தால் இயங்கும் எக்கிகள் அதன் வழியே காற்றைத் தொடர்ந்து இழுத்தன. இதைக் கொண்டு பெட்டன்கோஃபரும் உடலியங்கியல் அறிஞர் கார்ல் ஃபொய்ட்டும் பசி, உணவு, உழைப்பு, உறக்கம் ஆகிய நிலைகளில் உடலின் வளர்சிதை மாற்றத்தை ஆராய்ந்தனர். ஊட்டச்சத்து அறிவியலின் அடிப்படைகளுள் இவ்வாய்வுகளும் அடங்கும்.

சுகாதாரவியல் துறை உருவாதல்

1864-65 இல் மியூனிக் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தபோது, புதிதாக முடிசூடிய அரசர் இரண்டாம் லூட்விக்கிடம் சுகாதாரவியலின் தேவையைப் பெட்டன்கோஃபர் எடுத்துரைத்தார். அதன் விளைவாக 1865 இல் மியூனிக், வூர்ட்ஸ்பர்க், எர்லாங்கன் ஆகிய பவேரியப் பல்கலைக்கழகங்களில் சுகாதாரவியல் பாடமாக்கப்பட்டது. மியூனிக்கில் இவரே முதல் சுகாதாரவியல் பேராசிரியரானார். 1872 இல் வியன்னாவிலிருந்து அழைப்பு வந்தபோது, மியூனிக்கிலேயே தங்குவதற்குத் தனியொரு சுகாதாரவியல் நிறுவனம் வேண்டும் என்று கேட்டுப் பெற்றார். அந்நிறுவனம் 1879 இல் திறக்கப்பட்டது.

அறிஞர்களுக்கு மட்டுமன்றிப் பொதுமக்களுக்கும் இவர் விளங்கச் சொன்னார். 1872 இல் டிரெஸ்டன் நகரில் உடை, வீடு, நிலம் ஆகிய மூன்றோடும் காற்றுக்கு உள்ள தொடர்பைப் பற்றி மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். இவை நூலாகி, அடுத்த ஆண்டே ஆங்கிலத்திலும் வெளிவந்தன. உடை என்பது காற்றைத் தடுப்பதற்கன்று, உடலை ஒட்டிய காற்றின் ஓட்டத்தை மெதுவாக்குவதற்கே என்றும், வீடும் அவ்வாறே காற்றை அடைப்பதற்கன்று, அளவோடு வரச் செய்வதற்கே என்றும் அவற்றில் விளக்கினார். குளிர்காலத்தில் சூடேறிய வீடு நிலத்தடிக் காற்றைத் தரை வழியே உறிஞ்சுகிறது என்பதையும் எடுத்துக்காட்டினார். தெருவில் உடைந்த வாயுக்குழாயிலிருந்து கசிந்த வாயு, குழாய் இணைப்பே இல்லாத வீடுகளுக்குள் மண் வழியே புகுந்த நிகழ்வுகளை அதற்குச் சான்றாகக் கொண்டார். மண்ணிலிருந்து ரேடான் என்னும் கதிரியக்க வாயு வீடுகளுக்குள் புகுவதும் இதே வழியில்தான் என்று 20 ஆம் நூற்றாண்டில் அறியப்பட்டது.

1873 இல் ஆற்றிய உரைகளில் ஒரு நகரத்துக்கு உடல்நலம் பணமாக என்ன மதிப்புடையது என்று கணக்கிட்டுக் காட்டினார். அப்போது மியூனிக்கில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 33 பேர் இறந்தனர். இலண்டனில் 22 பேர். இந்த வேறுபாட்டால் ஏற்படும் நோய்ச் செலவும் உழைப்பு இழப்பும், கழிவுநீர்க் கால்வாய்க்கும் நல்ல குடிநீருக்கும் ஆகும் செலவைவிட அதிகம் என்பது இவருடைய வாதம். மியூனிக் நகரம் கழிவுநீர்க் கால்வாய்களை அமைத்தது. 1883 முதல் மாங்ஃபால் பள்ளத்தாக்கின் ஊற்றுநீரைக் குழாய் வழியே கொண்டுவந்தது. நகரில் குடற்காய்ச்சல் இறப்புகள் வெகுவாகக் குறைந்தன.

வாந்திபேதிக் கொள்கை

1854 இல் மியூனிக்கில் பரவிய வாந்திபேதியில் ஏறக்குறைய 3000 பேர் இறந்தனர். பெட்டன்கோஃபரும் நோயுற்றுப் பிழைத்தார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் இந்நோயின் காரணத்தை ஆராய்ந்தார். நோய்க்குக் கிருமி ஒன்று தேவை என்பதை இவர் மறுக்கவில்லை. ஆனால், அக்கிருமி கழிவு ஊறிய, நிலத்தடி நீர்மட்டம் ஏறி இறங்கும் மண்ணில் பக்குவமடைந்த பின்னரே நோயுண்டாக்கும் என்றும், குடிநீரால் நோய் பரவாது என்றும் உறுதியாக நம்பினார். இக்கொள்கை அக்காலத்தில் பெரும் செல்வாக்குப் பெற்றது. பிரித்தானிய இந்தியாவின் நோய் அறிக்கைகளைப் பெட்டன்கோஃபர் விரிவாகப் பயன்படுத்தினார். இந்தியாவில் வாந்திபேதியை ஆராய அனுப்பப்பட்ட மருத்துவர்களான திமோத்தி லூயிசும் டக்ளஸ் கன்னிங்காமும் பணியேற்கும் முன்னர் இவரிடம் வந்து கலந்தாய்ந்து சென்றனர்.

1883-84 இல் ராபர்ட் கோக் எகிப்திலும் கல்கத்தாவிலும் வாந்திபேதிக் கிருமியை இனங்கண்டார். அது நீர்வழிப் பரவுவதையும் எடுத்துக்காட்டினார். பெட்டன்கோஃபர் இதை ஏற்கவில்லை. 1892 இல் ஆம்பர்க் நகரில் வாந்திபேதி பரவி ஏறக்குறைய 8600 பேர் மாண்டனர். ஆம்பர்க் ஆற்றுநீரை வடிகட்டாமல் குழாயில் விட்டது. எல்லையில் ஒட்டியிருந்த ஆல்டோனா நகரமோ அதே ஆற்றுநீரை மணல் வடிகட்டி வழியே செலுத்தியதால் பெருமளவு தப்பியது. குடிநீரே காரணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை எனலாம்.

அந்நிலையிலும் தம் கொள்கையை நிறுவ விரும்பிய பெட்டன்கோஃபர், 1892 அக்டோபர் 7 அன்று, தம் 73 ஆம் வயதில், உயிருள்ள வாந்திபேதிக் கிருமிகள் அடங்கிய வளர்ப்புக் கரைசலைச் சாட்சிகள் முன்னிலையில் குடித்தார். வயிற்று அமிலம் கிருமிகளைக் கொன்றுவிட்டது என்று பிறர் கூறாதிருக்க, முன்னதாகச் சமையற்சோடாவைக் கரைத்து உட்கொண்டார். இலேசான வயிற்றுப்போக்கு மட்டுமே ஏற்பட்டது. சில நாட்களுக்குப் பின் அதே சோதனையைச் செய்த இவருடைய மாணவர் ருடால்ஃப் எம்மெரிக் கடுமையாக நோயுற்றார். எனினும் உயிர் பிழைத்தார். பெட்டன்கோஃபர் இதைத் தம் வெற்றியாகக் கருதினார். ஆனால் அறிவியல் உலகம் கோக்கின் பக்கமே நின்றது. காற்றை அளந்தபோது தம் மூக்கைக்கூட நம்பாமல் அளவுகோலைத் தேடிய ஒருவர், வாந்திபேதியில் தம் ஒருவரின் உடலைச் சான்றாக வைத்தது கருதத்தக்கது.

இறுதிக்காலம்

1883 இல் பெட்டன்கோஃபருக்குப் பரம்பரைப் பிரபுப் பட்டம் வழங்கப்பட்டது. 1890 முதல் 1899 வரை பவேரிய அறிவியல் கழகத்தின் தலைவராக இருந்தார். 1894 இல் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 1897 இல் பிரித்தானியாவின் ஆர்பன் பதக்கம் பெற்றார். மனைவியும் பிள்ளைகளுள் மூவரும் இவருக்கு முன்னரே இறந்தனர். முதுமையில் தனிமையும் நோயும் மனச்சோர்வும் வாட்ட, 1901 பெப்ரவரி 10 அன்று மியூனிக்கில் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். அவரது உடல் மியூனிக்கின் பழைய தெற்குக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

பிற்கால ஆய்வுகள்

நெரிசலான அறையில் மூச்சிலிருந்து வெளிவரும் ஏதோவொரு நஞ்சே சோர்வை உண்டாக்குகிறது என்ற எண்ணம் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவலாக இருந்தது. அத்தகைய தனி நஞ்சு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. நெரிசலான அறையில் உடனடியாகத் தோன்றும் தளர்ச்சிக்கு வெப்பமும் ஈரப்பதமுமே பெருமளவு காரணம் என்று 1905 இல் செருமன் அறிஞர் கார்ல் ஃப்ளூகேயின் ஆய்வுக்குழு காட்டியது. இதனால் காற்றைக் குளிர்வித்து ஈரத்தை நீக்கினாலே போதும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1902 இல் அமெரிக்கப் பொறியாளர் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த காற்றுப்பதன முறை பரவிய காலமும் இதுவேயாகும்.

புதிய காற்றின் தேவையளவு காலந்தோறும் மாறிவந்துள்ளது. அமெரிக்காவில் 1895 இல் ஒருவருக்கு மணிக்கு ஏறக்குறைய 51 கன மீட்டர் என்று பொறியாளர்கள் வகுத்தனர். 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டி, 1981 இல் புகைபிடிக்காத அலுவலகங்களுக்கு இது ஏறக்குறைய 8.5 கன மீட்டராகக் குறைக்கப்பட்டது. இறுக அடைக்கப்பட்ட கட்டடங்களில் பணிபுரிவோரிடையே தலைவலி, கண்ணெரிச்சல், தொண்டை வறட்சி, களைப்பு ஆகியவை பரவலாகக் காணப்பட்டன. இதனை உலக சுகாதார அமைப்பு 1983 இல் நோயுற்ற கட்டட நோய்க்குறித் தொகுப்பு என்ற பொருள்படும் பெயரால் குறிப்பிட்டது. 1989 இல் அமெரிக்கத் தரஅளவு மீண்டும் ஏறக்குறைய 25 கன மீட்டராக உயர்த்தப்பட்டது. அதிலும் பத்து இலட்சத்தில் 1000 பங்கு என்னும் பெட்டன்கோஃபரின் எண் இடம்பெற்றிருந்தது. அது நச்சு வரம்பு என்று தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதால் பின்னர் நீக்கப்பட்டது. செருமனியின் சுற்றுச்சூழல் நிறுவனம் 2008 இல் 1000 பங்குக்குக் கீழ் கவலையற்றது, 1000 முதல் 2000 வரை கவனிக்கத்தக்கது, 2000 க்கு மேல் ஏற்கத்தகாதது என்று வகுத்தது.

குளிரூட்டப்பட்ட அறைகளில் இவ்வளவின் பயன்

வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் பொருத்தப்படும் ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. சுவரில் தொங்கும் பகுதி அறையிலுள்ள காற்றையே உறிஞ்சி, குளிர்வித்து, மீண்டும் அறைக்குள் விடுகிறது. உள்ளேயும் வெளியேயும் உள்ள பகுதிகளை இணைக்கும் செம்புக் குழாய்களில் ஓடுவது குளிர்பதன நீர்மமே அன்றிக் காற்றன்று. எனவே, முகத்தில் படும் குளிர்ந்த காற்று புதிய காற்று என்று எண்ணுவது பிழையாகும். பெரிய கட்டடங்களின் மைய ஏசி அமைப்புகளில் வெளிக்காற்றை ஒரு பங்கு கலப்பதற்கு வழி உண்டு. ஆனால், மின்செலவைக் குறைப்பதற்காக அவ்வழி மூடப்பட்டிருந்தால் அவையும் பழைய காற்றையே சுழற்றும்.

பெட்டன்கோஃபரின் கணக்கு முறையை ஒரு படுக்கையறைக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஓய்வாக இருக்கும் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிவிடுகிறார் என்று கொள்வோம். 30 கன மீட்டர் கொள்ளளவுள்ள, காற்றே புகாத அறையில் இருவர் இருந்தால் மணிக்கு 36 லிட்டர் சேரும். அதாவது மணிக்குப் பத்து இலட்சத்தில் 1200 பங்கு கூடும். வெளிக்காற்றின் 420 பங்கிலிருந்து தொடங்கினால் அரை மணி நேரத்திலேயே 1000 பங்கை எட்டிவிடும். உண்மையான அறைகளில் கதவு, சன்னல் இடுக்குகள் வழியே சிறிது காற்று வருவதால் சற்று நேரமாகும். ஒருவருக்கு மணிக்கு 60 கன மீட்டர் புதிய காற்று கிடைத்தால் இவ்வாயு 720 பங்களவில் நின்றுவிடும். 36 கன மீட்டர் கிடைத்தால் 920 பங்களவில் நிற்கும். இந்த 36 கன மீட்டர், கொரோனாத் தொற்றுக் காலத்தில் உலக சுகாதார அமைப்பு 2021 இல் பரிந்துரைத்த, ஒருவருக்கு நொடிக்கு 10 லிட்டர் என்ற அளவாகும்.

அத்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் பலவற்றில் கார்பன் டை ஆக்சைடு அளவிகள் வைக்கப்பட்டன. கிருமி கலந்த நுண்துளிகளைக் காற்றில் நேரடியாக அளப்பது கடினம். ஒருவரின் மூச்சு எவ்வளவு தூரம் மற்றவரைச் சேர்கிறது என்பதற்கு இவ்வாயு அடையாளமாயிற்று. அளக்க முடியாததற்குப் பதிலாக அதனோடு சேர்ந்து வருவதை அளத்தல் என்னும் பெட்டன்கோஃபரின் வழியே இங்கும் பின்பற்றப்பட்டது.

இவ்வளவுகோலுக்கு வரம்புகளும் உண்டு. அடுப்பு, மெழுகுவர்த்தி ஆகியவை எரியும் அறையில் இது பொருந்தாது. வண்ணப்பூச்சு, மரச்சாமான் பசை போன்றவற்றிலிருந்து வெளிவரும் ஆவிகளையும் தூசியையும் இது காட்டாது. காற்று வடிகட்டி தூசியையும் நுண்துளிகளையும் பிடிக்கும்; கார்பன் டை ஆக்சைட்டைக் குறைக்காது. ஆகவே, வடிகட்டி ஓடும் அறையில் இவ்வாயு மிகுந்திருந்தாலும் தொற்று அபாயம் குறைந்திருக்கலாம். வெளிக்காற்றே புகையும் தூசியுமாக உள்ள நகரங்களில் சன்னலைத் திறப்பது மட்டும் தீர்வாகாது. வடிகட்டிய வெளிக்காற்றை விசிறியால் உள்ளே செலுத்த வேண்டும். வெளியேறும் குளிர்ந்த காற்றைக் கொண்டு உள்ளே வரும் வெப்பக் காற்றைக் குளிர்வித்து மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கருவிகளும் உள்ளன. அவை இல்லாத வீடுகளில், எதிரெதிரான இரு திறப்புகளை அவ்வப்போது திறந்து வைத்தலும், வெளியேற்று விசிறியை இயக்கி மறுபக்கம் காற்று வரச் சிறு வழி விடுதலும் பயன்தரும். ஒரு திறப்பை மட்டும் திறந்து வைத்தால் காற்று எதிர்பார்த்த அளவு வராமல் போகலாம் என்பதைப் பெட்டன்கோஃபரின் அறைச் சோதனை முன்னரே காட்டியுள்ளது.

நினைவு

மியூனிக் பல்கலைக்கழகத்தின் சுகாதாரவியல், நுண்ணுயிரியல் நிறுவனம் மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர் நிறுவனம் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. மியூனிக்கின் மாக்சிமிலியன் சதுக்கத்தில் 1909 இல் இவருக்குச் சிலை அமைக்கப்பட்டது. இலண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக் கட்டடத்தின் முகப்பில் பொறிக்கப்பட்ட பொதுச் சுகாதார முன்னோடிகளின் பெயர்களுள் இவர் பெயரும் ஒன்று. வாந்திபேதியைப் பற்றிய இவருடைய மண் கொள்கை கைவிடப்பட்டது. அறைக் காற்றுக்கு இவர் வகுத்த ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் அளவு 160 ஆண்டுகளுக்கு மேலாக வழக்கில் உள்ளது.